செட்டிநாட்டிலிருந்து போட்டிக் குளத்துக்கு: மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கான ஃப்ரீஸ்டைல் நீச்சல் வழிகாட்டி

நீச்சல் போட்டிகளில் உடலுக்கு மிக அதிகச் சுதந்திரம் தரும் பிரிவு ஃப்ரீஸ்டைல்தான். எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம். திரும்பும்போதும் முடிக்கும்போதும் உடலின் ஏதேனும் ஒரு பகுதி சுவரைத் தொட வேண்டும். தொடக்கத்துக்கும் திருப்பத்துக்கும் பிறகு பொதுவாக 15 மீட்டருக்குள் தலை நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட வேண்டும். நடுவில் லேன் கயிற்றைப் பிடித்து இழுக்கவோ, குளத்தின் தரையில் நடக்கவோ கூடாது. அடிப்படை விதிகள் இவ்வளவுதான். அதனால்தான் ஒரு கை இல்லாதவரும், இரு கால்களும் இயங்காதவரும், பார்வை முற்றிலும் இல்லாதவரும் இதில் முழுமையான போட்டியாளராக முடிகிறது. உடல் பாதிப்பு மிகக் கடுமையாக உள்ள பிரிவுகளில் பலர் ஃப்ரீஸ்டைல் போட்டியையே மல்லாந்து நீந்தி முடிக்கிறார்கள். விதி அதையும் ஏற்கிறது.

இந்தச் சுதந்திரத்தைப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. உடற்குறை இல்லாதவர் நீந்தும் முறையை அப்படியே பார்த்துச் செய்ய வைத்து, அது வராதபோது "இவளுக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. எந்த உடல் நீந்தப் போகிறதோ, அந்த உடலிலிருந்துதான் அதற்கான நீச்சல் முறையை உருவாக்க வேண்டும்.

முதல் படி: யார் எந்தப் பிரிவில் நீந்தலாம் என்று அறிதல்

சர்வதேசப் பாராலிம்பிக் குழுவின் கீழ் இயங்கும் வேர்ல்டு பாரா ஸ்விம்மிங் அமைப்பின் விதிகள்தான் இந்த விளையாட்டுக்கு அடிப்படை. ஃப்ரீஸ்டைல் போட்டிக்கான பிரிவுகள் எஸ்1 முதல் எஸ்14 வரை உள்ளன. எஸ்1 முதல் எஸ்10 வரை உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கானவை. எண் சிறியதாக இருந்தால் பாதிப்பு அதிகம் என்று பொருள். எஸ்11 முதல் எஸ்13 வரை பார்வைக் குறைபாட்டுக்கானவை. எஸ்14 அறிவுசார் குறைபாட்டுக்கானது. போலியோ, முதுகுத்தண்டு காயம், பெருமூளை வாதம், கை கால் இழப்பு, குள்ள உருவம் ஆகிய பலவும் முதல் பத்துப் பிரிவுகளில் அடங்கும். நோயின் பெயர் பிரிவைத் தீர்மானிப்பதில்லை. அந்தப் பாதிப்பு நீரில் உடலின் இயக்கத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஆகவே போலியோவால் பாதிக்கப்பட்ட இரு சகோதரிகள் வெவ்வேறு பிரிவுகளில் வரக்கூடும்.

செவித்திறன் குறைபாடு மட்டும் உள்ள பெண்களுக்குப் பாராலிம்பிக்கில் தனிப் பிரிவு இல்லை. அவர்களுக்கான உச்சப் போட்டி 1924இல் பாரிஸில் தொடங்கிய டெஃப்லிம்பிக்ஸ் ஆகும்; அதற்கான சங்கமும் தேர்வு முறையும் தனி. தவறான சங்கத்தின் வாசலில் மாதக்கணக்கில் காத்திருப்பதைத் தவிர்க்க, இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தூரத்தையும் இப்போதே யோசித்துவிடலாம். 50, 100, 200, 400 மீட்டர் ஆகிய நான்கும் ஃப்ரீஸ்டைல் தூரங்கள்; ஆனால் எல்லாப் பிரிவுக்கும் எல்லாத் தூரமும் நடத்தப்படுவதில்லை. பெரும் போட்டிகளில் 400 மீட்டர் எஸ்6 முதல் எஸ்13 வரையிலான பிரிவுகளுக்கும், 200 மீட்டர் எஸ்5க்குட்பட்ட பிரிவுகளுக்கும் எஸ்14க்கும் வருவதே வழக்கம். தம் பிரிவுக்கு இல்லாத தூரத்துக்காக ஒரு பெண் ஓராண்டு உழைக்கக் கூடாது.

இரண்டாம் படி: ஆவணங்களும் மருத்துவப் பரிசோதனையும்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், யூடிஐடி எனப்படும் தேசியத் தனித்துவ அட்டையும் இல்லையென்றால், சிவகங்கை அல்லது புதுக்கோட்டை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டில் பங்கேற்பதை உரிமையாகவே சொல்கிறது. குளத்தில் அனுமதி மறுக்கப்பட்டால் அந்தச் சட்டத்தைச் சுட்டி எழுத்து மூலம் விளக்கம் கேட்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது "நீந்தலாமா" என்று மட்டும் கேட்டு வந்துவிடக் கூடாது. வலிப்பு, இதயக் கோளாறு, ஆறாத புண், காதில் சீழ், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிட வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உள்ளது. சோர்வுக்குக் காரணம் ரத்தசோகையாக இருக்கையில், "பயிற்சி போதவில்லை" என்று மேலும் நீந்த வைப்பது கொடுமை.

முதுகுத்தண்டின் மேற்பகுதியில், அதாவது மார்புப் பகுதியின் ஆறாம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயம் உள்ள பெண்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதாலோ, உணர்வில்லாத காலில் ஏற்பட்ட காயத்தாலோ ரத்த அழுத்தம் திடீரென எகிறும். தலை பிளப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். உடனே குளத்திலிருந்து வெளியே எடுத்து, படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, சிறுநீர்ப்பையைக் காலி செய்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். பயிற்சியாளரும் உடன் வரும் உறவினரும் இதை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: குளத்தைத் தேர்ந்தெடுத்தல்

செட்டிநாட்டில் தண்ணீர் என்றால் ஊரணிதான் நினைவுக்கு வரும். நகரத்தார் வெட்டிய ஊரணிகளில் கல் படித்துறைகள் அழகாக இறங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய நீரில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். ஆயினும் மாற்றுத்திறனாளிப் பெண்ணின் போட்டிப் பயிற்சிக்கு ஊரணியோ கண்மாயோ பொருந்தாது. படிகளில் பாசி வழுக்கும், அடியில் சேறு, ஆழம் தெரியாது, பலவும் குடிநீர் ஊரணிகள்; பங்குனி பிறந்தால் நீரும் வற்றத் தொடங்கிவிடும். அளந்த தூரமும், தெளிந்த நீரும், உயிர்காப்பாளரும் உள்ள 25 அல்லது 50 மீட்டர்க் குளமே வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கல்வி நிலையங்களிலும் தனியாரிடமும் உள்ள குளங்களை நேரில் பார்த்து விசாரித்து, வாரத்தில் மூன்று நான்கு நாள் அங்கே பயிற்சி செய்வதே நடைமுறைக்கு ஏற்றது. மதுரை ரேஸ் கோர்ஸ் விளையாட்டரங்கிலும் திருச்சி அண்ணா விளையாட்டரங்கிலும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளங்கள் உள்ளன. போட்டி நெருங்கும்போது மாதம் சில முறையாவது அங்கே சென்று பெரிய குளத்தில் நீந்திப் பழக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பேருந்துப் பயணம் என்பதால், மறுநாள் பயிற்சியைத் தளர்த்திக்கொள்வது அவசியம்.

குளத்தைப் பார்க்கப் போகும்போது நீரைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை வாசல் படி, கழிப்பறைக் கதவின் அகலம், உடை மாற்றும் அறையில் உட்கார இடம், பெண்களுக்கான நேரம் ஆகியவை. உயர்ந்த திண்ணையும் ஆளோடியும் நிலைப்படிகளும் கொண்ட நம் வீடுகளிலிருந்து சக்கர நாற்காலியில் தெருவுக்கு இறங்குவதே ஒரு பெண்ணுக்குப் பெரும்பாடு. குளத்திலும் அதே நிலை என்றால் ஒரு மாதத்தில் வருகை நின்றுவிடும். இரண்டு படிகளுக்கு மேல் போட ஒரு மரப்பலகைச் சரிவு செய்து தரும்படி குள நிர்வாகத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நான்காம் படி: நீருக்குள் இறங்குதல்

செங்குத்தான இரும்பு ஏணி பலருக்கும் பயன்படாது. சக்கர நாற்காலியிலிருந்து தடித்த பாய்க்கும், பாயிலிருந்து குள விளிம்புக்கும், விளிம்பிலிருந்து நீருக்கும் என மூன்று கட்டமாக இறங்குவதே பாதுகாப்பு. தொடக்கத்தில் ஒருவர் மேலேயும் ஒருவர் நீரிலும் நிற்க வேண்டும். விளிம்பில் நனைத்த துண்டு விரித்தால் தோல் உரசிக் கிழியாது. சித்திரை வெயிலில் குளத்தைச் சுற்றியுள்ள கல்தளம் எவ்வளவு சுடும் என்பது உணர்வுள்ள காலுக்குத் தெரியும். உணர்வற்ற காலுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். தளத்தில் தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்கு விரித்து, காலுக்குக் காலுறை அணிவித்த பிறகே இறக்க வேண்டும். வீடு திரும்பியதும் இடுப்பு, பிட்டம், குதிகால், பாதம் ஆகிய இடங்களைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது தினசரி வழக்கமாக வேண்டும்.

தூக்கி விடுபவர் யார் என்பதும் இதே அளவு முக்கியம். தொடுவதற்கு முன் எங்கே, எதற்காகத் தொடப் போகிறோம் என்று சொல்லி, அந்தப் பெண் சரி என்ற பிறகே தொட வேண்டும். பெண் பயிற்சியாளர் கிடைக்காவிட்டால், பயிற்சி முடியும் வரை அம்மாவோ அக்காவோ தோழியோ குளக்கரையில் இருக்க வேண்டும். பேச வராத பெண்ணாக இருந்தால் "நிறுத்து" என்பதற்கு ஒரு சைகையை முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: மிதவையும் மூச்சும்

முதல் மாதம் முழுவதும் தூரத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. முகத்தை நீரில் வைத்து மூக்காலும் வாயாலும் சீராகக் காற்றை விடுதல், குப்புற மிதத்தல், குப்புற இருந்து மல்லாந்து புரண்டு மூச்சு வாங்குதல் ஆகிய மூன்றும் தானாக வர வேண்டும். உதவியின்றி மல்லாந்து புரளத் தெரியாதவரை ஆழப் பகுதிக்குக் கொண்டு செல்லக் கூடாது. வலிப்பு வரலாறு உள்ளவரின் அருகில், அவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், எப்போதும் ஒருவர் நீரில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: தன் உடலுக்கான நீச்சல் முறை

வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் கையின் பலவீனம் அல்ல, நீரில் உடல் படும் எதிர்ப்பு. தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும். இடுப்பு தாழ்ந்தால் கால்கள் நீரை இழுத்துக்கொண்டே வரும். ஆகவே பார்வை குளத்தின் அடித்தரையைப் பார்த்திருக்க, பின்னந்தலை நீர்மட்டத்தில் இருக்க, மூச்சுக்குத் தலை மட்டும் உயராமல் உடல் முழுவதும் பக்கவாட்டில் சுழல வேண்டும். இது அனைவருக்கும் பொது. இதற்கு மேல் ஒவ்வோர் உடலும் தனி.

போலியோவால் கால்கள் மெலிந்தவர்களுக்குக் கால்கள் மூழ்குவதைவிடப் பக்கவாட்டில் அலைவதே பெரிய சிக்கல். கை நீருக்குள் நுழையும்போது உடலின் நடுக்கோட்டைத் தாண்டினால் கால்கள் எதிர்ப்பக்கம் வீசும். தோளுக்கு நேராக, சற்று அகலமாகவே கையை நுழைக்கச் சொன்னால் அலைச்சல் குறையும். தொடைகளுக்கு நடுவே ‘புல் பாய்’ (pull buoy) எனப்படும் சிறு மிதவையை வைத்துப் பழகலாம், ஆனால் போட்டியில் அது கிடையாது. ஆகவே பயிற்சியின் பாதித் தூரமாவது அது இல்லாமல் நீந்த வேண்டும். 2011க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் புதிய பாதிப்பு பதிவாகவில்லை, 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. எனவே இந்தப் பாதிப்புடன் இனிப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வளர்ந்த பெண்களாகவே இருப்பார்கள். வயதைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். போலியோவால் பாதிக்கப்பட்ட சென்னையின் மாதவி லதா உடல் சிகிச்சைக்காக நீரில் இறங்கி, நடுவயதில் தேசியப் பதக்கங்கள் வென்று, தமிழகத்தில் பாரா நீச்சலை வளர்க்கவும் காரணமானவர்.

ஒரு கை இல்லாதவர் இருக்கும் கையால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைக் காலுதைப்பின் தாளத்தாலும் வயிற்றுத் தசைகளின் பிடிப்பாலும் நேராக்க வேண்டும். மூச்சு எந்தப் பக்கம் என்பதைப் பயிற்சியாளர் முன்கூட்டியே விதிக்காமல், இரு பக்கமும் நீந்தச் செய்து நேரத்தை அளந்து தீர்மானிக்க வேண்டும். சீனாவின் ஜியாங் யூயான் வலது கையும் வலது காலும் இழந்தவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்றார். அவர் நீந்தும் காணொளியில் வேகத்தைப் பார்ப்பதைவிட, தலையும் முதுகும் எப்படி அசையாத நேர்கோட்டில் செல்கின்றன என்று பார்ப்பதே நம் பெண்களுக்குப் பயன்தரும்.

கால் இழந்தவர்கள் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டே நீந்த வேண்டும். இரு கால்களும் முழங்காலுக்குக் கீழ் இல்லாத அமெரிக்காவின் ஜெசிகா லாங், எஸ்8 பிரிவின் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பாரிஸிலும் தங்கம் வென்றவர். காலுதைப்பு இல்லாத இடத்தில் கையின் இழுப்புக்கு இடுப்பின் சுழற்சியே துணை. ஆகவே தரைப் பயிற்சியில் இடுப்புக்கும் முதுகுக்கும் முதலிடம் தர வேண்டும்.

பெருமூளை வாதம் உள்ளவர்களுக்குக் குளிர்ந்த நீரும் அவசரமும் தசை இறுக்கத்தைக் கூட்டும். போட்டிக் குளத்தின் நீர் வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மார்கழிக் காலையில் நம் திறந்தவெளிக் குளங்கள் அதைவிடக் குளிரலாம். அந்த மாதங்களில் மாலைப் பயிற்சி நல்லது. நீரில் இறங்குமுன் பத்து நிமிடம் உடலைத் தளர்த்தி, முதல் நூறு மீட்டரை மிக மெதுவாக நீந்த வைக்க வேண்டும். வேகமாகக் கையை வீசச் சொல்லிக் கத்தினால் இறுக்கம்தான் கூடும்.

சக்கர நாற்காலியில் வாழ்பவரின் தோள்கள் நாள் முழுதும் உழைப்பவை. அதே தோள்கள்தான் நீந்தவும் வேண்டும். ரப்பர் பட்டையைக் கொண்டு தோளை வெளிப்புறம் சுழற்றும் பயிற்சியை வாரம் மூன்று முறை செய்வதும், தோளின் முன்பக்கம் குத்தும் வலி வந்தால் அன்றே நிறுத்துவதும் பதக்கத்தைவிட முக்கியம். தோள் போனால் அவருடைய அன்றாட நடமாட்டமே போய்விடும்.

ஏழாம் படி: பார்வையற்ற நீச்சல் வீராங்கனையும் தட்டுக்கோலும்

எஸ்11 பிரிவில் அனைவரும் முழுக் கறுப்பு நீச்சல் கண்ணாடி அணிய வேண்டும்; குளத்தின் இரு முனைகளிலும் நின்று, சுவர் நெருங்குவதைத் தட்டித் தெரிவிக்கும் உதவியாளர்கள் கட்டாயம். எஸ்12, எஸ்13 பிரிவினருக்குத் தட்டுநர் விருப்பம் மட்டுமே. தட்டுக்கோலை நம் ஊரிலேயே செய்துகொள்ளலாம். இலேசான நீண்ட மூங்கில் அல்லது பிவிசி குழாயின் முனையில் ஒரு பழைய டென்னிஸ் பந்தைச் செருகி, நீரில் கழலாதபடி கட்டினால் போதும்.

தட்டும் நேரத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சீக்கிரம் தட்டினால் அவர் வேகத்தைக் குறைத்து வெறுமையில் சுவரைத் தேடுவார். தாமதமாகத் தட்டினால் விரலோ தலையோ சுவரில் மோதும். கை நீட்டி ஓர் இழுப்பு மிச்சமிருக்கும் இடத்தைப் பலமுறை பார்த்து, அந்த இடத்துக்கு நேரே குள விளிம்பில் ஓர் அடையாளம் வைத்து, தலையிலோ முதுகின் மேற்பகுதியிலோ ஒரே ஒரு தட்டு, ஒரே அழுத்தத்தில் தட்டிப் பழக வேண்டும். போட்டி நாளில் புதிய ஆளை அந்த இடத்தில் நிறுத்தவே கூடாது. தங்கையோ தோழியோ தொடக்கத்திலிருந்து உடன் பழகியிருந்தால் அவரே சிறந்த தட்டுநர். அதோடு, ஒரு நீளத்துக்குத் தனக்கு எத்தனை கைவீச்சு ஆகிறது என்பதையும் நீந்துபவர் எண்ணி வைத்திருக்க வேண்டும். தட்டு தவறினாலும் அந்த எண்ணிக்கை காப்பாற்றும். லேன் கயிற்றை விரல் நுனியால் இலேசாக உரசித் திசை அறிவது இயல்பானதே.

2017இல் மெக்சிகோவில் நடந்த உலகப் பாரா நீச்சல் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியரான நாக்பூரின் காஞ்சன்மாலா பாண்டே, எஸ்11 பிரிவைச் சேர்ந்த பெண்தான்.

எட்டாம் படி: தொடக்கமும் திருப்பமும்

குதிமேடையில் நின்றோ உட்கார்ந்தோ, அல்லது நீருக்குள் இருந்தோ தொடங்கலாம். நீரிலிருந்து தொடங்குபவரை உதவியாளர் சுவரோடு பிடித்திருக்கலாம், தள்ளிவிடக் கூடாது. எந்த உதவி தேவை என்பது வகைப்படுத்தலின்போதே, அதாவது எந்தப் பிரிவு என்று முடிவு செய்யும் சோதனையின்போதே, பதிவாகியிருக்க வேண்டும், இல்லையெனில் போட்டி நாளில் அது கிடைக்காது. தலைகீழ்ப் புரட்டுத் திருப்பம் கட்டாயமில்லை. கையால் தொட்டு, உடலைச் சுருட்டித் திரும்புவது பலருக்கு வேகமானது; கால் இயங்காதவர் சுவரைக் கையால் தள்ளிக்கொண்டு திரும்பப் பழகலாம்.

ஒன்பதாம் படி: பயிற்சித் திட்டம்

முதல் மாதம் மிதவையும் மூச்சும். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் வாரம் நான்கு நாள், ஒரு நாளைக்கு 400 முதல் 800 மீட்டர் வரை, பெரும்பாலும் 25 மீட்டர்த் துண்டுகளாக நீச்சல் முறையைத் திருத்துவது. நான்காம் மாதம் முதல் எட்டு முறை 25 மீட்டரை, நடுவே 30 வினாடி ஓய்வுடன், முதலும் கடைசியும் ஒரே நேரத்தில் முடியும்படி நீந்த வேண்டும். அது வந்த பிறகு 50 மீட்டராக நீட்டலாம்.

ஒரு நோட்டில் இரண்டு எண்களை மட்டும் எழுதி வந்தால் போதும்: ஒரு நீளத்துக்கான நேரம், கைவீச்சு எண்ணிக்கை. 25 மீட்டருக்கு 40 வினாடியும் 32 வீச்சும் என்றால் கூட்டுத்தொகை 72. நேரம் குறைந்தும் கூட்டுத்தொகை கூடினால் வீண் அலைச்சல் அதிகரித்திருக்கிறது. கூட்டுத்தொகை குறைந்தால் முறை திருந்தியிருக்கிறது. எஸ்14 பெண்களுக்குத் திட்டத்தை அடிக்கடி மாற்றாமல், ஒரே வரிசையில், படம் வரைந்த அட்டையாகக் காட்டுவது நல்ல பலன் தரும்.

உணவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லி அல்லது இடியாப்பம், முடிந்ததும் முட்டை, பயறு, மோர் என நம் சமையலே போதுமானது. எண்ணெய்ப் பலகாரங்களைப் பயிற்சிக்கு முன் மட்டும் தவிர்க்கவும். நாட்டு மருந்து லேகியங்களையும் ரத்த அழுத்தத்துக்கான நீர்பிரி மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டாமல் உட்கொள்ளக் கூடாது. நீர்பிரி மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளவை, மருத்துவக் காரணத்துக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

உடையும் மாதவிடாயும்

பயிற்சியில் முழுக்கையும் முழுக்காலும் மூடும் நீச்சல் உடை அணியலாம். அது கிடைத்தால்தான் வீட்டில் அனுப்புவார்கள் என்றால் அதிலேயே தொடங்கட்டும். பெரும் போட்டிகளில் பெண்களுக்கான உடை தோளைத் தாண்டியோ முழங்காலுக்குக் கீழோ செல்லக் கூடாது என்ற விதி உண்டு. இதை வீட்டாரிடம் கடைசி வாரத்தில் சொல்லாமல் ஆறு மாதம் முன்பே அப்பத்தா வரை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. சேலையும் தாவணியும் நீருக்குள் காலைச் சுற்றி உயிருக்கே ஆபத்தாகும். பருத்திச் சுடிதார் நீரை உறிஞ்சிக் கனக்கும். மாதவிடாய் நாட்களில் மாதவிடாய்க் கப் பயன்படுத்தி நீந்தலாம்; இடுப்புக்குக் கீழ் உணர்வு இல்லாதவர்கள் அதைப் பொருத்துவதற்கு முன் மகப்பேறு மருத்துவரைக் கேட்க வேண்டும். வலி இருந்தால் அன்று விடுப்பு, அதற்கு விளக்கம் கேட்கக் கூடாது.

பத்தாம் படி: போட்டிக்குச் செல்லுதல்

மாநில அளவிலான பாரா நீச்சல் தேர்வு, அதிலிருந்து இந்தியப் பாராலிம்பிக் குழு நடத்தும் தேசியப் போட்டி என்பதே பாதை. தேசியப் போட்டிக்கு முன் வகைப்படுத்தல் நடக்கும்: மருத்துவ ஆவணங்களைப் பார்ப்பார்கள், மேசையில் தசை வலிமையையும் மூட்டு அசைவையும் சோதிப்பார்கள், பிறகு நீரில் நீந்தச் சொல்வார்கள், போட்டியிலும் கவனிப்பார்கள். அங்கே முழு முயற்சியுடன் நீந்த வேண்டும். வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவது விதிமீறல், தடைவரை போகும்.

முரளிகாந்த் பேட்கர் 1972இல் ஹைடல்பர்கில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றது 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில்தான். 2024 பாரிஸ் வரை இந்தியப் பெண் எவரும் பாராலிம்பிக் நீச்சலில் பதக்கம் வென்றதில்லை. அதே பாரிஸில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ என மூன்று தமிழ்ப் பெண்கள் பாரா பாட்மின்டனில் பதக்கத்துடன் திரும்பினார்கள். ஆகவே நம் பெண்களால் முடியும் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. குளத்துக்குள் விடுவதுதான் நம் வேலை. 2022 மார்ச்சில் ஆட்டிசம் உள்ள ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து நம் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது அவருக்கு வயது 13.

போட்டி நாளில் இரண்டு நீச்சல் உடை, இரண்டு கண்ணாடி, தட்டுக்கோல், பாய், துண்டுகள், சிறுநீர்க் குழாய் உபகரணங்கள், வகைப்படுத்தல் தாளின் நகல் ஆகியவை ஒரே பையில் இருக்க வேண்டும். போட்டிக்கு முன் வீராங்கனைகளைக் கூட்டும் அழைப்பறைக்குச் செல்லும் வழியில் படி உள்ளதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் 25 மீட்டரைப் பயிற்சி நேரத்தைவிட வேகமாக நீந்த வேண்டாம். புதியவர்கள் பலரும் அங்கேதான் மூச்சைத் தொலைக்கிறார்கள். முடிந்ததும் அதிகாரபூர்வ நேரத்தையும், வழங்கப்பட்ட பிரிவையும், அது உறுதி செய்யப்பட்டதா, மறுபரிசீலனைக்கு உரியதா என்பதையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். வளரும் சிறுமிக்கும், நாளடைவில் கூடும் தசை நோய் உள்ளவருக்கும் பிரிவு மாறக்கூடும். மறுபரிசீலனை ஆண்டைத் தவறவிட்டால் அடுத்த பருவத்தின் போட்டி கைநழுவும்.